கடற்கரையைச் சுத்தம் செய்தோம், ஒரே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. அடுத்து என்ன செய்யலாம்?

கரையோர டீச்சர்:
எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் குப்பை பொறுக்கினோம், 22 மூட்டை சேர்ந்தது, பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம். போன வாரம் அதே இடத்துக்குப் போனால் யாரும் கைவைக்காத மாதிரி கிடக்கிறது. ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாம எடுத்ததெல்லாம் திரும்பி வந்துடுச்சா மிஸ்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. திரும்பவும் பொறுக்கத்தான் வேண்டுமா, வேறு வழி இருக்கிறதா?

நீரோட்டம்:
அந்த 22 மூட்டையில் என்னென்ன இருந்தது டீச்சர்? எண்ணவில்லை என்றால், கடலுக்கு எது எங்கிருந்து வருகிறது என்ற தடயத்தையும் மூட்டையோடு கட்டிக் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். 1986-இல் டெக்சாஸில் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் தூய்மைப் பணியில் ஆரம்பத்திலிருந்தே எடுத்த பொருளை வகைவாரியாக எழுதி வைத்தார்கள். வயது சின்னது என்று தயங்காதீர்கள். இந்தோனேசியாவின் பாலித் தீவில் 2013-இல் பிளாஸ்டிக் பைக்கு எதிராகக் கிளம்பிய அக்கா தங்கை இருவருக்கும் வயது 12, 10. அங்கே தடை வர 2019 ஆனது. ஆனால் வந்தது.

பதினொன்றாம் வகுப்பு:
மிஸ், நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மாதம் ஒரு தடவை, அதே 100 மீட்டர், ஒருவர் எடுப்பார், இன்னொருவர் தாளில் கோடு போடுவார். சிகரெட் துண்டுதான் நிறைய இருந்தது, பஞ்சு மாதிரி தெரிந்தாலும் அந்த ஃபில்டரும் பிளாஸ்டிக் இழைதான். ஆனால் எங்களைக் குழப்பியது காது குடையும் பிளாஸ்டிக் குச்சி, பஞ்சு போய் வெறும் குச்சியாக, நுனியில் மட்டும் சின்னச் சின்ன வரி. கடற்கரைக்கு வந்து யார் காது குடையப் போகிறார்கள்? மழை பெய்த மாதத்தில் அது கூடியதைத் தாளில் பார்த்த பிறகுதான் பொறி தட்டியது, கழிவறையில் போடுவது சாக்கடை வழியாக வருகிறது. கால்வாய் ஓரமாகவே மேலே நடந்தோம், ஒரு சாக்கடை வாயில் குப்பையைத் தடுக்கும் வலை பாதி கிழிந்து தொங்கியது. எண்ணிக்கையோடு மனு கொடுத்தோம், இரண்டு முறை பதிலே இல்லை, மூன்றாவது மனுவுக்கு வலையை மாற்றினார்கள். குச்சி குறைந்தது, முழுசாக நிற்கவில்லை.

மணல்மேடு:
ஒரு எச்சரிக்கை. கரை ஒதுங்கிய கடற்பாசியை அழுக்கு என்று அள்ளிவிடாதீர்கள், அதற்கடியில் பூச்சியும் சின்ன நண்டும் வாழ்கின்றன, பறவைகள் அதை நம்பித்தான் வருகின்றன. பாசிக்குள் சிக்கிய கயிறு, நைலான் வலையை மட்டும் உருவி எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், கையுறை கட்டாயம், ஊசி, உடைந்த கண்ணாடியைப் பிள்ளைகள் தொடவே கூடாது, உங்களைக் கூப்பிட வேண்டும். உருண்டையான சின்னப் பிளாஸ்டிக் மணிகள் கிடைத்தால் தனியாக எழுதுங்கள், அது யாரும் பயன்படுத்தி வீசியது இல்லை, பொருளாக வார்ப்பதற்கு முன்பே கொட்டிப்போன மூலப்பொருள்.

கரையோர டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. அந்தப் பெண்ணிடமே தாளைக் கொடுக்கப் போகிறேன். தம்பி, அந்த 100 மீட்டரை மாதாமாதம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எங்கள் பக்கம் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

பதினொன்றாம் வகுப்பு:
மணலில் அடையாளம் நிற்காது மிஸ். நாங்கள் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து கயிறு பிடித்து அளந்தோம், 10 மீட்டருக்கு ஒரு முடிச்சு.