யூனியனில் இருந்தவர் ஓய்வூதியர் சங்கத்திலும் சேரணுமா?

மார்த்தாண்டம்வாசி:
அப்பா ரப்பர் பால்வெட்டு, அம்மா அண்டி ஆபீஸ் (முந்திரிக்கொட்டை ஆலை). இரண்டு பேருக்கும் இ.பி.எஸ். 95 பென்ஷன், அதாவது பி.எஃப். ஆபீஸ் தரும் தொழிலாளர் பென்ஷன். "யூனியனுக்குச் சந்தா கட்டினது போதாதா, ஓய்வூதியர் சங்கம் எதுக்கு?" என்கிறார் அப்பா. சேர்ந்தால் உருப்படியாக என்ன கிடைக்கும்? தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்க.

தக்கலை பென்ஷனர்:
யூனியன் பேசுவது கூலி, போனஸ். அதுவும் வேலையில் இருப்பவர்களுக்கு. பென்ஷன் நிர்வாகத்தின் கையிலேயே இல்லை, நாகர்கோவில் பி.எஃப். ஆபீசிலும் பேங்கிலும் இருக்கிறது. கொடுக்கிற ஆள் மாறினால் நமக்காகப் பேசும் ஆளும் மாறணும்.

முக்கியமாக, லைஃப் சர்டிபிகேட், அதாவது உயிரோடு இருக்கிறோம் என்ற சான்று. மத்திய அரசு பென்ஷனர்களுக்கு நவம்பர் என்பதைக் கேட்டு நம்மவர்களும் நவம்பருக்காகக் காத்திருக்கிறார்கள். இ.பி.எஸ்.-க்கு அப்படி இல்லை, கொடுத்த நாளிலிருந்து 12 மாதம்தான். மார்ச்சில் கொடுத்தவர் அடுத்த மார்ச்சுக்குள் மறுபடி கொடுக்கணும், விட்டால் பணம் நிற்கும். நல்ல சங்கம் யாருக்கு எந்த மாதம் முடிகிறது என்று நோட்டில் எழுதி வைத்து முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லும். இதற்காகவே சேரலாம்.

இன்னொன்று, இந்தப் பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது, தானாக ஏறாது. குறைந்தபட்சம் 1000 ரூபாய் என்று வைத்தது 2014 செப்டம்பரில். அதை உயர்த்தித் தரச்சொல்லிக் கேட்க ஆள்பலம் வேணும்.

குலசேகரம்:
லைஃப் சர்டிபிகேட்டுக்கு விரல்ரேகை வைக்கப் போனால், பால் வெட்டின கையிலும் அண்டி உடைத்த கையிலும் ரேகை விழாது. கொட்டை ஓட்டின் எண்ணெய் விரல் தோலையே அரித்துவிடும். மெஷினில் பத்துத் தடவை அழுத்திப் பிரயோஜனமில்லை. ஜீவன் பிரமாண் ஆப், ஆதார் ஃபேஸ் ஆர்.டி. ஆப் இரண்டும் போட்ட போனில் முகத்தைக் காட்டினால் முடிந்தது. கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சம் முகத்தில் விழ உட்கார்ந்து, கண்ணை இமைக்கணும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் எடுக்காது. ஆதார், பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) நம்பர், பாஸ்புக் கையில் இருக்கட்டும். வரமுடியாதவர்களுக்குத் தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்வார்.

சான்றுக்கான பிரமாண் நம்பர் வந்ததும் முடிந்தது என்று போய்விடக்கூடாது. பி.பி.ஓ. நம்பரில் ஒரு எண் தப்பினாலும், துறையை மாற்றித் தேர்ந்தெடுத்தாலும் பின்னால் நிராகரித்துவிடுவார்கள். சில நாள் கழித்து ஏற்றுக்கொண்டார்களா என்று பார்க்கணும். சங்கத்தில் இதைப் பார்த்துத் தர ஒருவராவது இருப்பார்.

கருங்கல் அக்கா:
தம்பி, அம்மா விஷயத்தை இப்பவே பாருங்க. அப்பாவின் பி.பி.ஓ.-வில் அம்மா பெயர், பிறந்த தேதி ஆதாரில் உள்ளது மாதிரியே இருக்கா? ஒன்றில் இனிஷியல் அப்பா பெயர், இன்னொன்றில் கணவர் பெயர் என்றால் பிற்பாடு விதவைப் பென்ஷன் மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டு பேரும் இருக்கும்போதே திருத்துவது எளிது.

அந்தப் பென்ஷன் அப்பா வாங்குவதில் பாதி, 1000-க்குக் குறையாது. அம்மாவின் சொந்தப் பென்ஷனும் தொடரும். இரண்டு பி.பி.ஓ. ஆகிவிட்டால் லைஃப் சர்டிபிகேட்டும் இரண்டு. ஒன்றை மட்டும் கொடுத்து மற்றது நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. இறந்தபின் கணக்கில் விழும் பணத்தையும் எடுக்கக்கூடாது, திரும்பப் பிடிப்பார்கள்.

தக்கலை பென்ஷனர்:
அக்கா சொன்ன திருத்தத்துக்கு மாதம் 27-ந் தேதி பி.எஃப். குறைதீர் முகாமுக்குப் போங்க. சங்கத்துக்காரர்கள் கூட வருவார்கள். சந்தாவுக்கு ரசீது கேளுங்க. அசல் பி.பி.ஓ.-வையும் ஓ.டி.பி.-யையும் யாரிடமும் கொடுக்காதீங்க, சங்கச் செயலாளரே கேட்டாலும். யூனியனை விடவேண்டிய அவசியமே இல்லை, இரண்டிலும் இருக்கலாம்.