இன்டென்சிஃபயர்: ‘மிகுதியடை’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘வெரி’ போல, தான் தழுவும் சொல்லின் அளவை மிகுவிக்கும் சொல்லை ஆங்கில இலக்கணம் ‘இன்டென்சிஃபயர்’ என்கிறது. அதற்குத் தமிழ்ச்சொல் தேடிய முந்தைய மடல்களில் ‘மிகைப்படுத்தி’, ‘மிகுதி வினையடை’ என்ற பரிந்துரைகள் வந்தன. ‘மிகைப்படுத்தி’ எனக்கு ஒப்பவில்லை. மிகை என்றாலே வேண்டாத கூடுதல் என்ற பழி ஒட்டிக்கொள்கிறது. ‘வெரி’ என்ற ஆங்கிலச் சொல்லோ உண்மையிலிருந்து பிறந்தது. பழைய பிரெஞ்சில் ‘மெய்யான’ என்று பொருள்பட்ட ‘வெராய்’ என்பதே ஆங்கிலத்துக்குள் பெயரடையாக நுழைந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் தம் கான்டர்பரி கதைகளில் ஒரு வீரனை ‘வெரே பார்ஃபிட் ஜென்டில்’ என்கிறார்: மெய்யான, குறையற்ற, பண்புள்ள வீரன். அடைகள் இப்படி அடுக்கி வரும்போது முதல் அடை வீரனைத் தழுவுகிறதா, அடுத்த அடையைத் தழுவுகிறதா என்ற ஐயம் எழும். ‘மெய்யாகவே குறையற்ற’ என்று படித்தவர்களுக்கு அது ‘மிகவும் குறையற்ற’ என்பதிலிருந்து வெகு தொலைவில் இல்லை. பழைய பொருளின் சாயல் ‘தி வெரி மேன்’, அதாவது ‘அந்த ஆளேதான்’, போன்ற வழக்குகளில் எஞ்சியிருக்கிறது.

‘வெரி’ பரவுமுன் இந்த வேலையைச் செய்த சொற்களுள் ‘ஃபுல்’ ஒன்று. நிறைவு மிகுதியாவது நமக்குப் புதிதன்று. நிரம்ப என்பதுதானே ரொம்ப ஆயிற்று.

‘மிகுதி வினையடை’ என்ற பரிந்துரையில் முற்பாதி சரி, பிற்பாதி சிக்கல். ‘வெரி’யை வினையடை என்று இலக்கண நூல்கள் வகைப்படுத்தினாலும் அது வினையை நேரே தழுவுவதில்லை. ‘ரொம்பப் பிடிக்கும்’ என்பதை ‘ஐ வெரி லைக்’ என்று எழுதிச் சிவப்பு மை வாங்குபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அங்கே ‘வெரி மச்’ என்று ‘மச்’சின் துணை வேண்டும்.

“உறுதவ நனியென வரூஉம் மூன்றும் மிகுதி செய்யும் பொருள என்ப” என்கிறது தொல்காப்பியம். உறுபுகழ் (மிகுந்த புகழ்) என்பதில் உறு பெயரோடு நிற்கிறது. தவப்பல (மிகப் பல), நனி சேய்த்து (மிகத் தொலைவிலுள்ளது) என்பவற்றில் தவ, நனி சேரும் சொற்கள் வேறு வகை. எதனோடு சேர்ந்தாலும் செயல் மிகுதி செய்தலே. ஆகவே ‘மிகுதியடை’ என்று முன்மொழிகிறேன். உரிச்சொல் என்றே வைத்துக்கொள்ளலாமே என்பீர்களாயின், அது கடி, மல்லல், ஏ எனப் பலவற்றையும் அடக்கிய பெரிய வகை.

‘ஸ்லைட்லி’ போல அளவைத் தணிக்கும் சொற்களுக்குக் ‘குறையடை’ என்று எழுதிப் பார்த்தேன். மிகைக்குச் சொன்ன அதே பழி குறைக்கும் உண்டு என்பதால் அடித்துவிட்டேன். ‘தணிப்படை’ பொருந்துமா? படை என்று பிரித்துப் படிக்கவும் இடமிருப்பதால் தயங்குகிறேன்.