பரந்தனில கட் அண்ட் பொலிஷ் கடை, பொனெட் எரிஞ்சா இன்சூரன்ஸ் தருமோ?

பரந்தன்_பொடியன்
வணக்கம் எல்லாருக்கும். வீட்டுப் பக்கத்துக் கொட்டிலுக்க எட்டு மாசமா கார்களுக்கு கட் அண்ட் பொலிஷ் (கீறலை மெசினால தேய்ச்சு மினுக்கிறது), உள்கிளீனிங் செய்யிறன், கூட ஒரு பொடியன் நிக்கிறான். போன கிழமை ஒரு கறுப்பு அக்சியோ வந்தது, லீசிங் கார். ஆரோ கிரவல் தூசியோட காய்ஞ்ச துணியால துடைச்சுத் துடைச்சு பொனெட் முழுக்க வட்டக் கீறல், வெயிலுக்க நிப்பாட்டினா சிலந்திவலைமாதிரித் தெரியும். ரோட்டரி மெசினில வூல் பாட் (கம்பளி வட்டு) போட்டு கொம்பவுண்ட் எண்ட தேய்க்கிற பசை அடிச்சனான், நல்லாத்தான் வந்தது, பொனெட்டின்ர மடிப்பு ஓரத்தில கை கொஞ்சம் கூட நிண்டிட்டுது போல, பாட்டைப் பாத்தா கறுப்பு ஒட்டியிருக்கு, ஓரத்தைப் பாத்தா பெயின்ற் எரிஞ்சு அடியில இருக்கிற சாம்பல் பிரைமர் தெரியுது, அஞ்சு ரூவாக் குத்தியளவு. கார்க்காரர் கத்தேல்லை, அதுதான் இன்னும் வெக்கமாப் போச்சு, முழு பொனெட்டுக்கும் பெயின்ற் அடிச்சுத் தாரும் எண்டார். அடிச்சுக் குடுத்தன், மூண்டு மாச லாபம் சரி. உப்பிடியான அலுவலுக்குக் கடைக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமோ, எடுத்தாத் தருவாங்களோ? அம்மா கடையை மூடு எண்டு நிக்கிறா.

ஏ9_ஹயஸ்
தம்பி இருக்கிற காசையும் கொண்டுபோய் அங்க கொட்டாதையும். என்ர வானுக்கு புல் இன்சூரன்ஸ், இரவு மாங்குளம் தாண்டி வரேக்க மாடு குறுக்கால வந்து முன்பக்கம் சப்பளிஞ்சு போச்சு, போன் எடுத்தா படம் எடுத்தியோ, மாடு எங்க நிக்குது, மாட்டுக்காரன் ஆர் எண்டு கேள்வி. மாடு காட்டுக்க போட்டுது ஐயா, நான் என்ன அதின்ர அடையாள அட்டையை வாங்கி வைக்கிறதோ? கடைசியாக் கிடைச்ச காசு லைட்டுக்கே காணாது. முறிகண்டியில இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடிச்சிட்டுப் போறதுதான் எங்கட இன்சூரன்ஸ்.

பழைய_டிங்கர்
மெசினில பிழையில்லை, இன்சூரன்ஸ் கதையும் தேவையில்லை. கை பழகேல்லை, அவ்வளவுதான். நான் முப்பது வருசமா ரோட்டரிதான் பிடிக்கிறன், ஒரு ஓரம் எரிச்சதில்லை. இப்பத்தப் பொடியள் போனில நாலு வீடியோ பாத்திட்டு கடை போட்டா இதுதான் நடக்கும். கோவிக்காதையும்.

மைக்ரோன்_மச்சான்
ஐயா உங்கட கைக்கு மரியாதை இருக்கு, ஆனா இந்தக் கதையைத்தான் நான் ஒத்துக்கொள்ளமாட்டன். இப்பத்தக் கார்களில தகரத்துக்கு மேல இருக்கிற முழுப் பெயின்றும் சேத்துத்தான் 100 முதல் 150 மைக்ரோன், அதில மேல இருக்கிற கிளியர் கோட் எண்ட நிறமில்லாத படை அண்ணளவா 40, 50. மனுசற்ற தலைமயிரே கிட்டத்தட்ட 70 மைக்ரோன் தடிப்பு. அதாவது தம்பி வூல் பாட்டால தேய்ச்சது ஒரு மயிரிலும் மெல்லிய படையை. ஓரத்திலயும் மடிப்பிலயும் பெயின்ற் இன்னும் மெல்லிசாத்தான் நிக்கும், அதோட ரோட்டரி ஒரே அச்சில சுத்திறதால ஒரு இடத்தில நிண்டாச் சூடு ஏறும். டிஏ (டுவல் அக்சன்) மெசின் சுத்திக்கொண்டே ஆடும், ஓரத்தில அமத்தினா சுத்திறது நிண்டுபோகும், எரிக்கிறது கஷ்டம். நேரம் கூட எடுக்கும்தான், எடுக்கட்டுமே. மற்றது பெயின்ற் தடிப்பு அளக்கிற மீட்டர் இல்லாமல் ஆற்றையும் கார்ல மெசின் வைக்கிறது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணத்தடிக்குப் போறமாதிரி. அந்தக் கார் முந்தியே ரண்டுதரம் பொலிஷ் பட்டிருந்தா? உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

பழைய_டிங்கர்
மீட்டர் இல்லாத காலத்திலயும் கார் மினுங்கினதுதான் ராசா. தொண்ணூறுகளில பெற்றோல் தடை, மண்ணெண்ணெயில ஓடின ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் இந்தக் கையாலதான் தேய்ச்சது.

மைக்ரோன்_மச்சான்
அதுதான் ஐயா நான் சொல்லவாறது!! அந்தக் கார்களில கிளியர் கோட்டே இல்லை, நிறமும் மினுக்கமும் ஒரே பெயின்ற், தேய்ச்சாத் துணியில நிறம் வரும், வந்தாலும் பயமில்லை, கீழயும் அதே பெயின்ற்தான். இப்பத்தக் காரில பாட்டில நிறம் வந்தாக் கதை முடிஞ்சுது. தம்பிக்கு நடந்ததும் அதுதான்.

பழைய_டிங்கர்
சரி. அது ஒரு கதைதான். ஆனா வூல் பாட்டைப் பழி சொல்லாதையும், ஓரத்துக்கு டேப் ஒட்டாமல் அடிச்சது ஆற்ற பிழை?

வவுனியா_அக்கா
நான் கொஞ்சக்காலம் ஒரு இன்சூரன்ஸ் கிளையில வேலை செய்தனான், கம்பனி பேர் வேண்டாம். தம்பி, உங்கட கேள்விக்கு நேராச் சொல்லுறன், எரிஞ்ச பொனெட்டுக்குப் பெரும்பாலும் தரமாட்டாங்கள். செய்த வேலையின்ர குறையைத் திருத்திற செலவு உங்கட வியாபாரச் செலவு எண்டுதான் அவையள் பாப்பினம். பொதுப் பொறுப்பு பொலிசி எண்டு ஒண்டு இருக்கு, கடைக்கு வந்த ஆள் சவர்க்காரத் தண்ணியில வழுக்கி விழுந்து கால் முறிஞ்சா, உங்கட பிறஷர் மெசின் பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைச்சா, அதுக்கு. ஆனா அதிலயும் உங்கட பொறுப்பில இருக்கிற பொருள், நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கிற பொருள், ரண்டையும் வழமையா வெளியில விட்டிருப்பினம். அதுதான் வாடிக்கையாளற்ற கார்! எடுக்கிற ஆக்கள் முக்காவாசிப்பேர் இந்த வரியை வாசிக்கிறதே இல்லை, எல்லாத்துக்கும் கவர் எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பினம்.

ஏ9_ஹயஸ்
பாத்தீங்களோ, நான் சொன்னது சரி. எரிஞ்சதுக்கும் இல்லை, காருக்கும் இல்லையெண்டா பிறகு என்ன மண்ணுக்குக் கட்டிறது?

வவுனியா_அக்கா
அண்ணை அவசரப்படாதேங்கோ, முடிக்க விடுங்கோ. பொனெட் எரிஞ்சா போறது மூண்டு மாச லாபம். இரவு வயர் சோட்டாகி கொட்டில் எரிஞ்சா உள்ளுக்க நிக்கிற கார் போகும். இறக்குமதி நிப்பாட்டின 2020க்குப் பிறகு அக்சியோ என்ன விலை விக்குது எண்டு உங்களுக்கே தெரியும், 2025இல திறந்துவிட்டும் இறங்கிச்சோ? அந்தக் காசை தம்பி எங்க போய் எடுக்கிறது? கார்க்காரருக்கு புல் இன்சூரன்ஸ் இருந்தா அவருக்குக் கம்பனி குடுக்கும், குடுத்திட்டு உங்களிட்டத் திருப்பி அறவிட வரும், அதையும் கனபேர் யோசிக்கிறேல்லை. ஆகவே கேக்கவேண்டியது, என்ர காவலில நிக்கிற மற்றவையின்ர வாகனத்துக்குத் தீ, களவு, உள்ளுக்க எடுத்து விடேக்க இடிபடுறது இதுக்குக் கவர் சேர்ப்பீங்களோ, ஒரு வாகனத்துக்கு எவ்வளவு மட்டும் எண்டு. வாயால ஓம் எண்டா விடாதேங்கோ, எழுத்தில வாங்குங்கோ. வீட்டுக்கு நெருப்புப் பொலிசி இருந்தாலும் அங்க தொழில் நடக்குது எண்டு சொல்லாமல் விட்டா நாளைக்கு அதையே காட்டித் தட்டிவிடுவினம். கூட நிக்கிற பொடியன் ஈரக்காலோட கரண்ட் அடிச்சு விழுந்தா 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் உங்களைத்தான் பிடிக்கும், சின்னக் கடை பெரிய கடை எண்டு பாக்காது.

ஏ9_ஹயஸ்
அக்கா கதைக்கிறது கொழும்புக் கடைக்குச் சரி. இது ரண்டு பேர் நிக்கிற கொட்டில். வாகனங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல எண்டு ஒரு போர்ட் எழுதித் தொங்கவிட்டா அலுவல் முடிஞ்சுது.

வவுனியா_அக்கா
சாவியை வாங்கி இடுப்பில செருகினாப் பிறகு போர்ட் உங்களைக் காப்பாத்தும் எண்டு நம்பியிராதேங்கோ. உங்கட வானை நாளைக்கு உப்பிடி ஒரு போர்ட்டுக்குக் கீழ விட்டு எரிஞ்சா, போர்ட்டை வாசிச்சுப்போட்டு நடந்து வீட்ட போவீங்களோ அண்ணை?

ஏ9_ஹயஸ்
😂 அது வேற கதை.

குளத்தடி
இடையில ஒரு கேள்வி, எங்கட குழாய்க்கிணத்துத் தண்ணியால கழுவினா கறுப்புக் காரில வெள்ளைப் பொட்டு விழுகுது, பொலிஷ் பண்ணினாத்தான் போகும் எண்டு சேர்விஸ் ஸ்டேசன்ல சொல்லுறாங்கள். உண்மையோ?

மைக்ரோன்_மச்சான்
கல்லுத்தண்ணி அண்ணை. கேத்தலுக்க படியிற அதே சுண்ணாம்புதான், வெயிலில சுட்ட பொனெட்டில தண்ணி காய உப்பு மட்டும் நிக்கும். புதுசெண்டா வினாகிரியைத் தண்ணியில பாதிக்குப் பாதி கலந்து ஈரத்துணியால ஒத்தி, உடன கழுவிவிடுங்கோ, கனக்கப் போகும். பெயின்றைத் திண்டு குழி விழுந்தாத்தான் மெசின். விடிய வெள்ளண, நிழலில கழுவி உடன துடைச்சா இந்தச் சோலியே இல்லை. துடைக்க முதல் தூசி போறமட்டும் தண்ணி அடிக்கோணும், ரண்டு வாளி வையுங்கோ, ஒண்டில சவர்க்காரம் மற்றதில துணி அலம்ப. கிரவலுக்க கிடக்கிற படிகமண் கிளியர் கோட்டிலும் எவ்வளவோ கடினம், இந்தக் கச்சான் காத்துக்க ஒட்டுசுட்டான் ரோட்டால ஒருக்காப் போய்வந்த காரைக் காய்ஞ்ச துணியால துடைக்கிறதும் அரத்தாள் போடுறதும் ஒண்டுதான்.

தம்பி, இனிக் கார் வரேக்க கையெழுத்துக்கு ஒரு தாள், நாலு பக்கமும் படம், பெயின்ற் மீட்டர் கணக்கு மூண்டையும் எடுத்து வையும். ஒரு சின்ன இடத்தில அடிச்சுப் பாத்து, ஸ்பிரிட்டால துடைச்சும் பாரும். சில பொலிஷ் கீறலை நிரப்பி மறைக்கிறது மட்டும்தான், ரண்டு மழையோட எல்லாக் கீறலும் திரும்பி வரும்.

ஏ9_ஹயஸ்
படம் எடுத்துக் கையெழுத்தும் கேட்டா சனம் இவன் ஏதோ களவுக்குத்தான் நிக்கிறான் எண்டு அடுத்த கடைக்குப் போடும். பரந்தன் சனத்தை எனக்குத் தெரியும்.

பழைய_டிங்கர்
போறவன் போகட்டும். இதில அந்த மீட்டர்ப் பொடியனோட நான் நிக்கிறன். எங்களிட்ட ஒருத்தர் பழைய நெளிவை நீதான் நெளிச்சனி எண்டு சண்டைக்கு வந்து, கடைசியில என்ர காசிலதான் தட்டிக் குடுத்தனான். அண்டைக்கு ஒரு படம் இருந்திருந்தா.

பரந்தன்_பொடியன்
எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன கேள்வியை எழுதிக்கொண்டுபோய் இண்டைக்கு கிளிநொச்சியில ரண்டு இடத்தில கேட்டன். ஒரு இடத்தில கேள்வியே விளங்கேல்லை, கடைக்கு நெருப்புப் பொலிசி தாறம் எண்டு மட்டும் சொல்லிச்சினம். மற்ற இடத்தில கொழும்புக்கு எழுதிக் கேட்டுச் சொல்லுறம் எண்டவை. வரட்டும் பாப்பம். அதுக்கிடையில வயரிங்கை மாத்தி ட்ரிப் சுவிட்ச் போடப்போறன், இரவில கார் வைக்கிறதையும் நிப்பாட்டிட்டன். மீட்டருக்குக் காசு சேக்கோணும், டிஏ மெசின் பிறகு. நாளைக்கு வெள்ளை அலியன் கார் ஒண்டு வருகுது, உண்மையாச் சொன்னா மெசினைத் தொடக் கை நடுங்குது.

பழைய_டிங்கர்
அலியனைக் கழுவி வக்ஸ் மட்டும் போட்டு அனுப்பும். ஞாயிற்றுக்கிழமை இஞ்சால வாரும், கழட்டிப்போட்ட கறுப்பு பொனெட் ஒண்டு வேலிக்கரையில கிடக்கு. அதில ஓரத்தை வேணுமெண்டே எரிச்சுப் பாரும், எந்த நேரத்தில எரியுது எண்டு கைக்குத் தெரியவரும். மீட்டர்காரரும் வாறதெண்டா மீட்டரைக் கொண்டு வாரும், நானும் ஒருக்காப் பாக்கத்தான் வேணும்.