ஏர் ரைபிள் உள்பாகங்கள்: பூட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்கணும்? கடலூர், புதுச்சேரி நண்பர்களின் அனுபவங்கள்

கெடிலக்கரை (கடலூர்)

ஸ்பிரிங்கில் ஓடும் 0.177 (அங்குலக் குழல்) ஏர் ரைபிளைப் பிரித்து, ஸ்பிரிங்கும் பிஸ்டன் வாஷரும் (பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் பாகம்) மாற்றி வீட்டிலேயே பூட்டுகிறவர்களுக்காக இந்த இழை. பழைய பாகத்தை விட புதுப் பாகத்தைத்தான் அதிகம் சந்தேகப்படணும். பழசு இத்தனை நாள் ஓடிக் காட்டியிருக்கிறது, புதுசு இன்னும் எதையும் காட்டவில்லை. அவரவர் கண்ட கோளாறுகளை எழுதுங்கள். ஸ்பிரிங்கை நான் ஆரம்பிக்கிறேன்.

முதலில் ஸ்பிரிங்கைக் கண்ணாடிப் பலகை மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். சாய்ந்தால் முனை சமமாகத் தேய்க்கப்படவில்லை. அப்புறம் படுக்க வைத்து உருட்டுங்கள். நெளிந்து உருண்டால் ஸ்பிரிங்கே வளைந்திருக்கிறது. அதைப் போட்டால் சுடும்போது ஒரு பக்கமாக உரசி, 'டொய்ங்' என்ற சத்தம் நிற்கவே நிற்காது.

அடுத்தது கம்பியின் தடிமன். இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வெர்னியர் வைத்து நாலைந்து இடத்தில் அளந்து, முனைச் சுற்றுகளையும் சேர்த்து எல்லாச் சுற்றையும் எண்ணுங்கள். இரண்டையும் பெருக்கினால், ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது எடுத்துக்கொள்ளும் நீளம் கிடைக்கும். 3 மி.மீ. கம்பி, 33 சுற்று என்றால் 99 மி.மீ. இனி ஸ்பிரிங் இல்லாமல் பிஸ்டனை லாக் ஆகும் இடம் (ட்ரிகர் பிடித்துக்கொள்ளும் இடம்) வரை பின்னால் தள்ளி, உள்ளே மிஞ்சும் இடத்தைக் கணக்கிடுங்கள். ஸ்பிரிங் முனைகளில் வைக்கும் தட்டை வாஷர், தொப்பி எல்லாவற்றின் தடிமனையும் கழித்துவிட வேண்டும். 105 மி.மீ. மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால் அந்த ஸ்பிரிங் தாராளம். அதே 33 சுற்று 3.2 மி.மீ. கம்பியில் வந்தால் 105.6 ஆகிவிடும். பிஸ்டன் லாக் ஆகாது. 'இறுக்கமா இருக்கு' என்று பலம் கொடுத்தால் காக்கிங் லீவர்தான் (பிஸ்டனைப் பின்னால் தள்ளும் தண்டு) வளையும்.

வில்லியனூர் லேத்

கெடிலக்கரை அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கோங்க. ஸ்பிரிங்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக் பவுடர் தூவி கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து, வெள்ளையில் கறுத்த கோடாகத் தெரியும். சுற்றின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். முறுக்கு அங்கேதான் அதிகம், உடைவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

கைடில் (ஸ்பிரிங்குக்கு உள்ளே நிற்கும் தண்டு) ஸ்பிரிங்கை ஏற்றினால் லேசாகத் தள்ளினால் போகிற மாதிரி இருக்கணும். தானாக வழுக்கி விழுந்தால் தளர்ச்சி.

'பவர் கூடும்' என்று சொல்லி விற்கிற தடித்த ஸ்பிரிங்கை வாங்காதீர்கள். பிஸ்டன் வேகமாகப் போய் மோதி வாஷர் கிழியும், ஸ்டாக் ஸ்க்ரூ தளரும், குறியும் கெடும். லைசென்ஸ் வேண்டாத ஏர்கன்னுக்கு 20 ஜூல் வரம்பு இருப்பதையும் மறக்க வேண்டாம். 10 மீட்டர் போட்டி ரைபிளுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படுவதில்லை.

உப்பனாறு

சார், பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ட்ரிகர் பிளாக்கைப் பிடித்திருக்கும் பின்னை ஸ்பிரிங் கம்ப்ரெஸர் இல்லாமல் தட்டவே கூடாது. லாக் ஆகாத நிலையிலும் ஸ்பிரிங் உள்ளே பல சென்டிமீட்டர் அமுங்கித்தான் இருக்கும். பின் வெளியே வந்த நொடியில் மொத்தமும் முகத்துக்கு வரும். கிளாம்ப் வைத்து அழுத்தி, பின்னின் மேல் பாரம் இல்லாமல் அது கையோடு வரும் வரை இறுக்கிவிட்டு எடுங்கள்.

முதலியார்பேட்டை

பிஸ்டன் வாஷர் பற்றி எழுதுகிறேன். பாலியூரித்தேன் வாஷராக இருந்தால், அச்சில் வார்த்த கோடு ஓரத்தில் பிசிறாக நிற்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். இருந்தால் நைசான எமரி பேப்பரால் இரண்டு தடவை தேய்த்துவிடுங்கள். பிறகு எண்ணெய் இல்லாமல் கம்ப்ரெஷன் குழலுக்குள் விட்டு, கட்டைவிரலால் தள்ளுங்கள். சீரான எதிர்ப்போடு நகர்ந்தால் சரி. சுத்தியல் கேட்டால் பெரிசு. குழலைச் சாய்த்ததும் தானாக ஓடினால் சிறிசு, காற்று பின்னால் போய்விடும். நம் ஊர் ஈரக் காற்றில் பழைய ஸ்டாக் வாஷர்கள் பிசுபிசுத்துப் போயிருக்கும். விரலில் ஒட்டினால் அன்றே தூக்கிப் போடுங்கள், காந்தி வீதி ஞாயிறு சந்தையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்திருந்தாலும் சரி.

நல்ல வாஷரும் உள்ளே போகும்போதே கெட்டுவிடுவது உண்டு. காக்கிங் லீவர் ஓடும் பிளவின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வாஷர் அதைத் தாண்டும்போது ஓரத்தில் ஒரு பிறை வடிவச் சீவல் போய்விடும், வெளியே எதுவும் தெரியாது. பூட்டி முடித்த பிறகு 'பவரே இல்லை' என்று தேடுவார்கள். அந்த விளிம்பை முதலில் எண்ணெய்க் கல்லால் மழுக்கி, தூளைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வாஷரைச் சிறிய மழுங்கிய குச்சியால் உள்ளே அமுக்கிக்கொண்டே தள்ளுங்கள்.

வாஷருக்கு முன்னால் பெட்ரோலிய எண்ணெய் ஒரு சொட்டும் கூடாது. அமுங்கும் காற்றின் சூட்டில் எண்ணெய் ஆவி பற்றிக்கொண்டு டமால் என்று வெடித்துப் புகை வரும். வாஷரும் ஸ்பிரிங்கும் அதில்தான் சாகும். மாலி (மாலிப்டினம்) கிரீஸ் பிஸ்டனின் பக்கவாட்டிலும் பின்பகுதியிலும் மெல்லிய படலமாகப் போதும்.

கெடிலக்கரை (கடலூர்)

அந்தப் பிறைச் சீவல் விஷயம் ரொம்ப முக்கியம். வாஷரைத் தள்ளியதும், ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பூட்டணும்.

பழைய பஜார்

ப்ரீச் ஓ-ரிங் (பேரலின் பின்முனை மூட்டில் காற்றை அடைக்கும் வளையம்) முகப்பை விட மயிரளவு மேலே நிற்க வேண்டும். சமமாகவோ தாழ்வாகவோ இருந்தால் கசியும். சந்தேகம் இருந்தால் மூட்டின் மேல் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்து, பெல்லட் போட்டு, பெல்லட் ட்ராப்பை (பெல்லட்டைப் பிடித்து நிறுத்தும் பெட்டி) நோக்கிச் சுடுங்கள். துண்டு துள்ளினால் கசிவு. பெல்லட் இல்லாமல் சும்மா சுடக் கூடாது. முன்னால் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் இடிக்கும்.

பேரல் வாய்க்கு இயர் பட்ஸ் போதும். உள்ளே விட்டு வெளிப்பக்கம் இழுங்கள். பஞ்சு நூல் ஒரே இடத்தில் மாட்டினால் அங்கே பிசிறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் வைத்த பேரலில் துருக்குழியும் இருக்கலாம். ஒரு பெல்லட்டைக் குச்சியால் மெதுவாகத் தள்ளினால், எங்கே சிக்குகிறது, எங்கே தளர்கிறது என்று கை சொல்லிவிடும்.

வில்லியனூர் லேத்

கடைசியாக சியர், அதாவது ட்ரிகரை இழுக்கும் வரை பிஸ்டனைப் பிடித்து வைக்கும் கொக்கி. லென்ஸ் வைத்து அது உட்காரும் விளிம்பைப் பாருங்கள். பளபளப்பு முழு அகலத்துக்கும் நேர்கோடாக இருந்தால் நல்லது. ஒரு மூலையில் மட்டும் மின்னினால் சியரின் பின் நுழையும் துளை கோணல் அல்லது நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. புதுப் பின்னை நுழைத்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். 'ட்ரிகர் லேசாகட்டும்' என்று சியரை அரத்தால் தேய்க்காதீர்கள். கடினம் மேல்தோலில் மட்டும்தான் ஏற்றியிருப்பார்கள், அது போனால் உள்ளே மெத்து இரும்பு. அப்புறம் தட்டினாலே விடுபடும்.

சியர் நம்பகமாக இல்லாத ரைபிளில் பெல்லட் போடும்போது, மடித்துத் திறந்த பேரல் படாரென்று மூடி விரலை நசுக்கும். எந்த ரைபிளாக இருந்தாலும், மறு கையால் பேரலை இறுகப் பிடித்துக்கொண்டுதான் பெல்லட் வைக்கணும்.

உப்பனாறு

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டெஸ்ட் செய்ய ஊசுட்டேரிப் பக்கம் பறவைகளைக் குறிவைக்கும் பசங்களைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள். அது சரணாலயம், 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பழைய துணி அடைத்த மரப்பெட்டி, உள்ளே இரும்புத் தகடு, முன்னால் அட்டை, இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.