சாவி பிரெஞ்சுச் சொல்லாம்!

கெடிலக்கரை:
"பூட்டுச் சாவி பிரெஞ்சுக்காரர் நமக்குத் தந்த சொல்" என்று புதுச்சேரி நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'கிளே'. அதில் 'சா' எங்கே இருக்கிறது? சாவி போர்த்துக்கீசியரின் 'சாவே'. ஜன்னல், அலமாரி, பீப்பாய் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

முத்தியால்பேட்டை:
அந்த நண்பர் நான்தான். கிளே, சாவே இரண்டுக்கும் மூலம் இலத்தீன் 'கிளாவிஸ்'. ஒரே வீட்டுப் பிள்ளைகள். எங்கள் தாத்தா பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். மூன்று தலைமுறையாகச் சாவி என்றுதான் சொல்கிறோம்.

கெடிலக்கரை:
நாங்களும்தான் சொல்கிறோம், அதனால் அது கடலூர்ச் சொல் ஆகிவிடுமா? 'சா' எங்கே சார்? வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் குடியேறியது 1674. பரங்கிப்பேட்டைக்குப் 'போர்ட்டோ நோவோ' என்று பெயர் வைத்தவர்கள் போர்த்துக்கீசியர். அது எங்கள் மாவட்டம்.

வயல்வரப்பு:
இரண்டு பேரும் கப்பலை விட்டு இறங்க மாட்டீர்களா? சாவி தமிழ்ச்சொல். கதிரில் மணி பிடிக்காவிட்டால் 'பயிர் சாவியாப் போச்சு' என்போம். சா, சாவு, சாவி.

கெடிலக்கரை:
அண்ணே, அது பதர். வேறு சொல். பதரை வைத்தா பூட்டைத் திறப்பீர்கள்? போன மாதம் அலமாரியும் தமிழ் என்றவர் நீங்கள்தானே. பூட்டைத் திறப்பதற்குத் தமிழில் திறவுகோல் இருக்கிறது. மலையாளத்தில் தாக்கோல்.

வயல்வரப்பு:
அலமாரியை ஏன் இழுக்கிறீர்கள்? அதற்கு அன்றே பதில் சொல்லிவிட்டேன். உழுதவன் பேச்சென்றால் உங்களுக்கு எப்போதும் இளக்காரம்.

கோதாவரிக்காற்று:
யானாமில் இரண்டு வருடம் இருந்தேன். தெலுங்கில் 'தாளம் செவி' என்பார்கள். செவி என்றால் காது. அப்போ அது?

முத்தியால்பேட்டை:
பாருங்கள், யானாமும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்!

கெடிலக்கரை:
அப்படியென்றால் இந்திக்காரர் 'சாபி' என்பது யார் ஆண்டதால்? 'கிளே'யில் 'சா' எங்கே? அதை மட்டும் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை:
போர்த்துக்கீசியர் 'ஷாவ்' என்றுதான் உச்சரிக்கிறார்கள். என் தங்கை மகன் லிஸ்பனில் இருக்கிறான், கேட்டுவிட்டேன். உங்கள் 'சா'வும் அங்கே இல்லை.

கெடிலக்கரை:
அது இன்றைய லிஸ்பன் பேச்சு. அவர்கள் இங்கே வந்த காலத்தில் 'ச்சா'தான். வட போர்ச்சுகலில் சில ஊர்களில் இன்னும் அப்படித்தான். உங்கள் மருமகனிடம் அதையும் கேளுங்கள்.

வயல்வரப்பு:
பயிர்ச் சாவிக்கு ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

முத்தியால்பேட்டை:
கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி என்றாலே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் கடற்கரை வேண்டும்.

கெடிலக்கரை:
தேவனாம்பட்டினம் கடற்கரை எங்களுக்குப் போதும். நீங்கள் முதலில் 'சா'வைக் காட்டுங்கள்.