பிளாட்ஃபார்ம்ஸ் ஃபோல்டரில் கை வைக்கலாமா?

கறுப்புத்திரை:
கார்டோவாவில் (வெப் பக்கங்களை போன் ஆப்பாகக் கட்டித் தரும் கருவி) ஓர் ஆப் செய்து வைத்திருக்கிறேன். ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் ஒரே கோடு, எல்லாமே டெர்மினலில் கட்டளை தட்டித்தான். ஆண்ட்ராய்டு 9 முதலான போன்களில் மட்டும் சர்வரில் இருந்து எதுவும் வரவில்லை. தேடிப் பார்த்தால், இலக்கு ஏபிஐ (ஆப் எந்த ஆண்ட்ராய்டுக்காகக் கட்டப்படுகிறது என்று சொல்லும் எண்) 28 ஆனதும், மறைகுறியாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபி முகவரிகளை ஆண்ட்ராய்டு தானாகவே தடுத்துவிடுமாம். சரி என்று, கார்டோவா ஆண்ட்ராய்டு புராஜெக்டைக் கட்டி வைக்கும் பிளாட்ஃபார்ம்ஸ் ஃபோல்டருக்குள் போய், ஆப்பின் அனுமதிகளும் அமைப்புகளும் இருக்கும் மெனிஃபெஸ்ட் ஃபைலைத் திறந்து, அப்ளிகேஷன் டேகில் 'யூசஸ் கிளியர்டெக்ஸ்ட் டிராஃபிக்' என்று ஒரு வரி சேர்த்தேன். வேலை செய்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பிளகின் (கூடுதல் வசதி சேர்க்கும் துணைத்தொகுப்பு) தகராறு. 'கார்டோவா பிளாட்ஃபார்ம் ரிமூவ் ஆண்ட்ராய்டு', அப்புறம் 'ஆட் ஆண்ட்ராய்டு'. பில்டு பச்சையாக முடிந்தது. சோதிப்பவர் கைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, சர்வரில் இருந்து வர வேண்டிய பட்டியல் முழுக்கக் காலி. என் வரியைக் காணோம். ஒரு வார்த்தை கேட்காமல் அழிக்கிற கருவியை எதை நம்பி வைத்துக்கொள்வது? இனிமேல் ஆண்ட்ராய்டுக்கு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் தனி, ஐஓஎஸ்ஸுக்கு எக்ஸ்கோடில் தனி என்று எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

ஒற்றைவரி:
கருவி எதையும் திருடவில்லை. அழிக்கச் சொன்னது நீங்கள்தான், 'ரிமூவ்' என்று. கான்ஃபிக் எக்ஸ்எம்எல், பேக்கேஜ் ஜேசன், டபிள்யூடபிள்யூடபிள்யூ ஃபோல்டர், இந்த மூன்றும்தான் உங்கள் ஆப். பிளாட்ஃபார்ம்ஸ் என்பது அவற்றிலிருந்து விழுகிற நிழல். நிழலுக்குச் சாயம் பூசினால் ஆளுக்கு ஒட்டுமா? அந்த ஃபோல்டரைக் கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்க்க வேண்டாம் என்று கார்டோவா ஆவணமே சொல்கிறது.

கான்ஃபிக் எக்ஸ்எம்எல்லில் ஆண்ட்ராய்டு பகுதிக்குள் 'எடிட் கான்ஃபிக்' டேக் போடுங்கள். ஃபைல் மெனிஃபெஸ்ட், இலக்கு மெனிஃபெஸ்டுக்குள் இருக்கும் அப்ளிகேஷன், முறை மெர்ஜ். அதற்குள் உங்கள் வரி. மேலே விட்ஜெட் டேகில் ஆண்ட்ராய்டு நேம்ஸ்பேஸை (அந்த வரியின் முன்னொட்டு எதைச் சேர்ந்தது என்று சொல்லும் அறிவிப்பு) அறிவிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் பார்ஸ் எரர் வரும். அதன் பிறகு நூறு முறை அழித்துக் கட்டினாலும் வரி தானே வந்து உட்காரும்.

அடிமட்டம்:
இதைத்தான் நான் காலம் காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு வரி எழுத வேண்டிய இடத்தில், அந்த வரியை எப்படி எழுதுவது என்று சொல்ல இன்னொரு மொழி! கார்டோவா ஆண்ட்ராய்டு 7 (போனின் ஆண்ட்ராய்டு அல்ல, கார்டோவாவின் ஆண்ட்ராய்டு பகுதியின் வெர்ஷன்) நினைவிருக்கிறதா? 2017 டிசம்பரில் வந்தது. மெனிஃபெஸ்டை ஆப், எஸ்ஆர்சி, மெயின் என்று மூன்று ஃபோல்டர் உள்ளே தள்ளிவிட்டார்கள். பழைய பாதையை நம்பியிருந்த பிளகின்களும் ஹூக்குகளும் (பில்டின் நடுவே தானாக ஓடும் ஸ்கிரிப்ட்கள்) வரிசையாக விழுந்தன. என்னுடைய ஹூக் இன்னும் மோசம். ஃபைல் இல்லையென்றால் சத்தம் போடாமல் வெளியேறும்படி எழுதி வைத்திருந்தேன். (அது என் புத்திசாலித்தனம், கருவி மீது பழி போட மாட்டேன்.)

இதே ஸ்டூடியோவில் என்றால், மெனிஃபெஸ்ட் ஃபைலுக்குக் கீழே 'மெர்ஜ்டு மெனிஃபெஸ்ட்' என்று ஒரு டேப் இருக்கிறது. கடைசியில் ஆப்புக்குள் போகப் போவது என்ன, எந்த அனுமதியை எந்த லைப்ரரி கொண்டுவந்தது, எல்லாம் கண் முன்னால் நிற்கும். டெர்மினலில் உங்களுக்குத் தெரிவது 'பில்டு சக்ஸஸ்ஃபுல்' மட்டும்தான்.

ஒற்றைவரி:
அந்த டேப் நல்ல டேப், மறுக்கவில்லை. பிளாட்ஃபார்ம்ஸுக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோல்டரை நானும் ஸ்டூடியோவில் திறப்பேன். பார்ப்பேன், எழுத மாட்டேன், அவ்வளவுதான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அவசரமாக ஒரு திருத்தம் வெளியிடும்போது, எந்தப் பட்டனுக்குப் பிறகு எந்தப் பட்டன் என்று யோசித்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. ஆறு வரி ஸ்கிரிப்ட், பில்டு சர்வரிலும் அதே ஆறு வரி. நான் ஊரில் இல்லாவிட்டாலும் அடுத்தவர் ஓட்டிவிடுவார்.

ஈரெட்டு:
நீங்கள் இருவரும் கார்டோவா மட்டும்தான் உலகம் என்பதுபோல் பேசுகிறீர்கள். கார்டோவா மாதிரியே இன்னொரு கருவியான கெப்பாசிட்டரிலும் எல்லாம் கட்டளைதான், ஆனால் அங்கே ஆண்ட்ராய்டு ஃபோல்டர் உங்கள் சொத்து. கிட்டில் சேர்க்கலாம், கையால் திருத்தலாம். 'கேப் சிங்க்' கொடுத்தால் வெப் ஃபைல்களை நகலெடுக்கும், பிளகின்களைச் சரிபார்க்கும், நீங்கள் மெனிஃபெஸ்டில் எழுதிய வரியைத் தொடாது. ஒரே கோடில் இரண்டு போனுக்கும் ஆப் செய்யும் ஃப்ளட்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஏற்கெனவே இருக்கும் புராஜெக்டில் 'ஃப்ளட்டர் கிரியேட் புள்ளி' ஓட்டினால் விடுபட்ட ஃபைல்களை மட்டும் நிரப்பும். மேலெழுத வேண்டுமென்றால் நீங்கள்தான் தனியாக 'ஓவர்ரைட்' என்று சொல்ல வேண்டும். அதே வேலைக்கான இன்னொரு கருவி எக்ஸ்போவின் 'பிரீபில்டு கிளீன்' மட்டும் கார்டோவா ரகம், அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டும்.

சண்டை கமாண்டு லைனா ஐடிஇயா (ஸ்டூடியோ, எக்ஸ்கோடு மாதிரி) என்பதே இல்லை. அந்த ஃபோல்டர் யாருடையது என்பதுதான். சொத்து உங்களுடையது என்றால் பராமரிப்பும் உங்கள் தலையில்தான். பெரிய வெர்ஷன் மாறும்போது கிரேடில் (ஆண்ட்ராய்டு ஆப்பைக் கட்டும் கருவி) ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து உட்கார வேண்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன், இனிமையான மாலையாக இல்லை.

பென்குயின்வாசி:
என்னிடம் இருப்பது லினக்ஸ் மட்டும், 8 ஜிபி. ஸ்டூடியோவுக்கு அதுதான் குறைந்தபட்சம், எமுலேட்டரும் சேர்த்துத் திறந்தால் மவுஸ் நகராது. அதனால் எனக்குக் கொள்கை எல்லாம் இல்லை, டெர்மினல்தான் கதி.

ஆனால் ஒன்று. போன மாதம் சிஸ்டம் அப்டேட்டோடு ஜாவா 21 வந்து இறங்கியது. முந்தின நாள் வரை ஓடிய புராஜெக்ட், மறுநாள் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65'. என்ன 65 என்று முழித்தேன். 44-ஐக் கழித்தால் ஜாவா வெர்ஷன் வந்துவிடும்: 65 என்றால் 21, 61 என்றால் 17. என் கிரேடில் பழையது, 21-இன் மேல் ஓட 8.5-ஆவது வேண்டும். ஜாவா ஹோமை (எந்த ஜாவாவைப் பயன்படுத்துவது என்று சொல்லும் அமைப்பு) 17 பக்கம் திருப்பினேன், தீர்ந்தது. கண்டுபிடிக்க ஒரு நாள் போனது.

அடிமட்டம்:
பார்த்தீர்களா! ஸ்டூடியோ தன் ஜாவாவைக் கூடவே சுமந்து வருகிறது. சிஸ்டத்தில் என்ன மாறினாலும் அதற்குக் கவலை இல்லை.

ஒற்றைவரி:
அது சுமந்து வருவதே ஒரு நாள் மாறும், அப்போது? 2024-இல் லேடிபக் பதிப்பு ஜாவா 21-ஓடு வந்ததே. ஸ்டூடியோவின் ஜாவாவையே எடுத்துக்கொள்ளும் ஃப்ளட்டர்க்காரர்கள் எத்தனை பேர் இதே 65-ஐப் பார்த்து அலறினார்கள்! அவர்களைக் காப்பாற்றியதும் 'ஃப்ளட்டர் கான்ஃபிக்'கில் ஜேடிகே (ஜாவா தொகுப்பு) பாதையைச் சொல்லும் ஒரு கட்டளைதான்.

பென்குயின்வாசி அவர்களே, வேலை முடிந்ததும் கிரேடிலுக்கு 'ஸ்டாப்' கொடுங்கள். சும்மா கிடந்தாலும் அதன் டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) 3 மணி நேரம் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அடிமட்டம்:
அலறினார்கள், சரி. ஐஓஎஸ் பக்கம் என்ன சொல்வீர்கள்? எத்தனை கட்டளை தெரிந்தாலும் கடைசியில் மேக், எக்ஸ்கோடு, சான்றிதழ் என்று அங்கேதானே போய் நிற்க வேண்டும்.

ஒற்றைவரி:
நிற்க வேண்டும். வாடகை மேக்கில் பில்டு ஓட்டினாலும் அது மேக்தான். இதில் உங்களோடு சண்டை இல்லை.

கறுப்புத்திரை:
செய்து பார்த்தேன். பிளாட்ஃபார்ம்ஸை மொத்தமாக அழித்துவிட்டு, எடிட் கான்ஃபிக் போட்டு ஓட்டினேன். முதல் தடவை பார்ஸ் எரர். ஒற்றைவரி அண்ணன் சொல்லியும் நேம்ஸ்பேஸை மறந்திருக்கிறேன். சேர்த்ததும் வரி வந்துவிட்டது. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. ஸ்டூடியோவில் அந்த மெர்ஜ்டு டேபையும் திறந்து பார்த்தேன். நான் கேட்கவே கேட்காத இரண்டு அனுமதிகள் ஒரு பிளகின் வழியாக உள்ளே இருக்கின்றன. இது தனிக் கதை.

அடிமட்டம்:
கார்டோவா ஆண்ட்ராய்டு எந்த வெர்ஷன்?

கறுப்புத்திரை:
9.

அடிமட்டம்:
10-இல் இருந்து ஆப்பின் பக்கங்களே எச்டிடிபிஎஸ் லோக்கல்ஹோஸ்டில் (போனுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பான முகவரி) இருந்து வரும். அங்கிருந்து எச்டிடிபி சர்வரைக் கூப்பிட்டால் கலப்பு உள்ளடக்கம் (பாதுகாப்பான பக்கத்தில் பாதுகாப்பற்றது) என்று வெப்வியூ, அதாவது ஆப்புக்குள் பக்கம் காட்டும் உலாவி, தடுக்கும். உங்கள் வரி இருந்தாலும் பட்டியல் காலிதான்.

ஒற்றைவரி:
கான்ஃபிக் எக்ஸ்எம்எல்லில் 'ஸ்கீம்' என்ற அமைப்பை எச்டிடிபி ஆக்கினால் தப்பலாம். ஒரே வரி.

அடிமட்டம்:
இன்னொரு வரியா! முதலில் அந்தச் சர்வரில் எச்டிடிபிஎஸ் போட்டால் எந்த வரியுமே வேண்டாமே. இவ்வளவு நேரம் பேசினோம், இதை ஒருவர்கூடக் கேட்கவில்லையே?

கறுப்புத்திரை:
சர்வர் என் கையில் இல்லை. நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன்.