அம்மாவுக்குப் பல் எடுக்க வேண்டும், இதய வால்வு மாற்றியவர். வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் குடியாத்தம். அம்மாவுக்கு 58 வயது. 4 வருடம் முன்பு இதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். இப்போது கடைவாய்ப்பல் சொத்தை. கிராம்பை அடக்கிக்கொண்டு ஒரு பக்கமாகவே மெல்லுகிறார். பல் துலக்கித் துப்பினால் நுரையில் ரத்தம்.

இங்கே ஒரு பல் மருத்துவர், இதயம் பற்றி எதுவும் கேட்காமலேயே, "நாளைக்கே பிடுங்கிடலாம்" என்றார். எனக்குப் பகீரென்றது. வாயில் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் ஈறு கிழிந்தால் ரத்தத்தில் இறங்கிவிடும். மற்றவர்களுக்கு உடம்பே சீக்கிரம் விரட்டிவிடும். செயற்கை வால்வில் ஒட்டி வளர்ந்தால் எண்டோகார்டைட்டிஸ், அதாவது இதயத்தின் உள்பக்கத்தில் கிருமித் தொற்று, உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இப்படிப்பட்டவர்களுக்குப் பல் பிடுங்க 30 முதல் 60 நிமிடம் முன்பு ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராம். அதுவும் பெனிசிலின் வகைதான், அம்மாவுக்கோ பெனிசிலின் அலர்ஜி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார், அதை நாமாக நிறுத்தவும் கூடாது.

இதய மருத்துவரிடம் பேசிவிட்டுப் பல்லில் கை வைக்கும் மருத்துவர் யாரையாவது காட்பாடி, வேலூர், ஆம்பூர் பக்கம் தெரியுமா? உங்கள் வீட்டில் வால்வு மாற்றியவருக்குப் பல் எடுத்திருந்தால், அன்றைக்கே வீடு திரும்பினீர்களா, ரத்தம் எப்போது நின்றது என்று எழுதுங்கள். அப்புறம், காய்ச்சல் இதுவரை இல்லை. தினமும் இரண்டு வேளை தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன்.